தகனச் செலவு: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

வீட்டில் ஒருவர் இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய முடிவுகள் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: இரண்டு இடங்களில் தகனத்துக்கு விலை கேட்டோம். ஒரு இடத்தில் சொன்னது இன்னொரு இடத்தைவிட இரண்டு மடங்கு. வேலை ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: உடலை எரிப்பது மட்டும்தான் ஒரே வேலை. அதற்கான செலவில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்காது. விலை மாறுவது உலைக்கு வெளியே நடப்பவற்றால்தான். உடலை எடுத்துவரும் வண்டி, குளிரறையில் வைத்திருக்கும் நாள்கள், சான்றிதழ்களும் அனுமதிகளும், பெட்டி, அஞ்சலிக்கு வைக்கும் கூடம், அஸ்திக் கலசம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு. ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லியிருப்பார். இன்னொருவர் தன் வேலைக்கான கூலியை மட்டும் சொல்லிவிட்டு, தகனக் கூடத்துக்குக் கட்ட வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருப்பார். குறைவாகச் சொன்னவரே கடைசியில் அதிகம் வாங்குவது இப்படித்தான்.

எனவே 'மொத்தம் எவ்வளவு?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'தகனக் கூடத்தின் கட்டணம் இதில் அடங்குமா? வண்டி எத்தனை கிலோமீட்டர் வரை? குளிரறை எத்தனை நாள் வரை இலவசம், அதற்கு மேல் நாளுக்கு எவ்வளவு? இரவிலோ விடுமுறையிலோ எடுத்தால் கூடுதல் உண்டா? உடல் எடைக்குத் தனிக் கட்டணமா?' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரை விட்டு அடுத்தவரிடம் போவதே நல்லது. அமெரிக்காவில் தொலைபேசியில் கேட்டாலும் விலையைச் சொல்ல வேண்டும், நேரில் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்ற விதி 1984 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்படி ஒரு விதி இல்லாத இடத்திலும் பட்டியல் கேட்பதை யாரும் தடுக்க முடியாது.

பேரம் பேசும் மனநிலை அந்த நேரத்தில் யாருக்கும் இருக்காது. துக்கத்தில் நேரடியாகப் பங்கில்லாத நண்பரோ தூரத்து உறவினரோ ஒருவர் இந்தத் தொலைபேசி வேலையை எடுத்துக்கொள்வது குடும்பத்துக்குப் பெரிய உதவி.

கேள்வி: எடைக்கு ஏன் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள்? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

பதில்: அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. உடலிலுள்ள கொழுப்பே எரிபொருளாகி உலையின் வெப்பத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். கவனிக்காவிட்டால் புகை கட்டுக்கடங்காமல் போகும், உலையின் செங்கல் பூச்சும் கெடும். அதனால் கனமான உடலை, உலை அதிகம் சூடேறாத காலை முதல் வேளையில் வைத்து மெதுவாக எரிப்பார்கள். நேரமும் ஆளும் கூடுதலாக வேண்டும். சில உலைகளின் வாய் அகலமே போதாது. எடையையும் பெட்டியின் அகலத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அங்கே போன பிறகு திருப்பி அனுப்பும் கொடுமை நேராது.

கேள்வி: செலவு மிகக் குறைவான வழி எது? எம்பாமிங்கும் (உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது) நல்ல மரப்பெட்டியும் கட்டாயம் என்கிறார்களே?

பதில்: சடங்கோ பார்வைக்கு வைப்பதோ இல்லாமல் நேராகத் தகனம் செய்வதுதான் மிகக் குறைந்த செலவு. அஞ்சலிக் கூட்டத்தைப் பிறகு, அஸ்தி கைக்கு வந்தபின், வசதியான நாளில் வீட்டிலேயே நடத்தலாம். ஆனால் கடைசியாக முகம் பார்க்க வாய்ப்பு உண்டா, தகன நேரத்தில் குடும்பத்தார் இருக்கலாமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் இந்தத் திட்டத்தில் இரண்டும் கிடையாது. அது பின்னால் தெரியவந்து மனம் உடைந்துபோகும் குடும்பங்கள் உண்டு.

தகனத்துக்கு எம்பாமிங் தேவையில்லை. சில நாள் காத்திருக்க வேண்டுமென்றால் 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்தாலே போதும். உடலை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் கதை வேறு. பெட்டியும் அப்படித்தான்: உலைக்குள் தள்ளும்போது வளையாத, முழுதும் எரிந்துபோகிற எதுவும் போதும். கெட்டி அட்டைப் பெட்டியே செல்லும். விலையுயர்ந்த தேக்குப் பெட்டி எரியும்போது உறவினருக்குக் கிடைக்கும் பயன் எதுவுமில்லை. பார்வைக்கு வைக்க அழகான பெட்டி வேண்டுமென்றால், உள்பெட்டியை மட்டும் எடுத்து எரிக்கும் வாடகைப் பெட்டி கிடைக்குமா என்று கேளுங்கள்.

கேள்வி: விறகு, மின்சாரம், எரிவாயு, இப்போது தண்ணீரிலும் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: திறந்த சிதைக்கு 400 முதல் 600 கிலோ விறகு வரை ஆகும். முழுதும் எரிய 6 மணி நேரம் வரை பிடிக்கும். விறகு ஈரமாக இருந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும், அதனால் இன்னும் விறகு கேட்பார்கள். எடைபோட்டு வாங்கும் இடத்தில் காய்ந்த விறகுதானா என்று பார்ப்பது பணத்துக்கும் நல்லது, உடல் சரியாக எரிவதற்கும் நல்லது. கீழிருந்து காற்று புகும்படி உயர்த்திய இரும்புத் தட்டும் மேலே புகைக்கூண்டும் உள்ள மேடையில் விறகு பாதிக்கும் குறைவாகவே செலவாகும்.

மின்சார, எரிவாயு உலைகளில் வெப்பம் ஏறத்தாழ 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். நல்ல உலையில் இரண்டு அறைகள் உண்டு. முதல் அறையில் கிளம்பும் புகை இரண்டாவது அறையில் மீண்டும் எரிந்த பிறகே வெளியே போகும். மின் உலைக்குப் போகும்முன் மின்தடை ஏற்பட்டால் மாற்று ஏற்பாடு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் முறை என்பது காரநீர்ச் சிதைப்பு. 95 சதவீதம் தண்ணீர், 5 சதவீதம் காரம் (பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) சேர்ந்த கரைசலில், அழுத்தம் கொடுத்து 150 டிகிரிவரை சூடாக்கினால் 4 முதல் 6 மணி நேரத்தில் சதை கரைந்து எலும்பு மட்டும் மிஞ்சும். புகை இல்லை, எரிபொருள் தேவையும் குறைவு. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் உடலுக்கு 2022 ஜனவரியில் இந்த முறையைத்தான் பின்பற்றினார்கள். அனுமதியுள்ள நாடுகள் இன்னும் குறைவு, கருவி உள்ள இடங்கள் அதிலும் குறைவு. அதனால் பல இடங்களில் தகனத்தைவிட விலை கூடுதல்.

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, இடுப்பு மூட்டும் மாற்றியிருக்கிறது. முன்பே சொல்ல வேண்டுமா?

பதில்: பேஸ்மேக்கரைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அதிலுள்ள லித்தியம் பேட்டரி வெப்பத்தில் வெடிக்கும். உலையும் சேதமாகும், அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. தோலுக்கு அடியில் இருப்பதைச் சின்னக் கீறலில் எடுத்துவிடலாம். மருத்துவமனையிலேயே எடுத்துத் தரச் சொன்னால் தனிக் கட்டணம் தவிரலாம். இதயத்துக்குள்ளேயே பொருத்தும் கம்பியில்லாப் பேஸ்மேக்கரும் உண்டு, மேலுக்குத் தடம் தெரியாது. ஆகவே சிகிச்சைக் காகிதங்களைத் தேடிப் பாருங்கள். இதய அதிர்வுக் கருவி, நரம்புத் தூண்டல் கருவி, மருந்து செலுத்தும் பம்ப் ஆகியவையும் இதே வகைதான். புற்றுநோய்க்குக் கதிரியக்க விதைகள் (உடலுக்குள் பொருத்தும் மிகச் சிறிய கதிரியக்கத் துண்டுகள்) வைத்திருந்தால், வைத்த தேதியோடு சொல்லுங்கள்.

இடுப்பு மூட்டால் தொல்லை இல்லை. டைட்டானியமோ கோபால்ட் கலவையோ அந்த வெப்பத்தில் உருகாது. பிறகு அதைத் தனியாகப் பொறுக்கிவிடுவார்கள். வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். நகைகளை முன்பே கழற்றிவிடுங்கள், உலைக்குப் போனபின் அவை திரும்பிவராது. கண்ணாடி, கைப்பேசி, பிளாஸ்டிக் பூக்கள், மது பாட்டில் எதையும் உடலோடு வைக்க வேண்டாம்.

கேள்வி: தருகிற அஸ்தி எங்கள் அம்மாவுடையதுதான் என்று எப்படி நம்புவது? எவ்வளவு இருக்கும்?

பதில்: உடல் வந்து சேர்ந்ததும் எண் பொறித்த, வெப்பம் தாங்கும் உலோக வில்லை ஒன்றை ஒதுக்கி, அதை உடலோடு உலைக்குள்ளும் பிறகு அஸ்தியோடும் வைப்பது நல்ல இடங்களின் வழக்கம். அந்த எண்ணை உங்கள் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். உடலை உள்ளே வைக்கும்போது ஒருவர் உடனிருந்தால் இன்னும் நிம்மதி. மூலையிலும் இடுக்கிலும் முந்தைய தகனத்தின் துகள் கொஞ்சம் ஒட்டியிருப்பதை எந்த உலையிலும் முழுதாகத் தவிர்க்க முடியாது. அதை மறைக்காமல் சொல்லும் இடம் நேர்மையான இடம்.

கைக்கு வருவது பெரும்பாலும் எலும்பின் கால்சியம் பாஸ்பேட். உலோகத்தைக் காந்தத்தாலும் கையாலும் நீக்கி, அரவைப் பொறியில் பொடியாக்கித் தருகிறார்கள். பெரியவர்களுக்கு 2 முதல் 3 கிலோ இருக்கும். உடல் பருமனைவிட உயரமும் எலும்பின் உறுதியுமே அளவைத் தீர்மானிக்கும். கலசம் வாங்கினால் 3.3 லிட்டர் கொள்ளளவு அநேகமாக எல்லோருக்கும் போதும். விமானத்தில் கொண்டுபோவதென்றால் கெட்டி உலோகக் கலசம் வேண்டாம். எக்ஸ்-ரேயில் உள்ளே இருப்பது தெரியாவிட்டால் அனுமதிக்க மாட்டார்கள். மரக் கலசமும் தகனச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும்.

கேள்வி: பிறந்த சில நாள்களில் இறந்த குழந்தைக்கு அஸ்தி கிடைக்குமா?

பதில்: கேட்டு ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் கிடைக்கும். பிஞ்சு எலும்பு என்பதால் மிகச் சிறிதளவே மிஞ்சும். உலையின் பலமான காற்றோட்டத்தில் அதுவும் பறந்துவிடலாம். எனவே காலை முதல் தகனமாக, உலோகத் தட்டில் வைத்து, காற்றைக் குறைத்துச் செய்ய முடியுமா என்று தகனக் கூடத்தை நடத்துகிறவரிடமே நேராகப் பேசுங்கள். இடையில் உள்ளவர் 'கிடைக்காது' என்று சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம்.

கேள்வி: என் தகனத்துக்கு இப்போதே பணம் கட்டி வைக்கலாமா?

பதில்: கட்டும் பணம் எங்கே இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. நிறுவனத்தின் கணக்கிலேயே இருந்தால், அது மூடப்படும்போது பணமும் போகும். நிறுவனம் தொட முடியாத பொறுப்புக் கணக்கிலோ (டிரஸ்ட்) காப்பீட்டிலோ தனியாக இருக்க வேண்டும். வேறு ஊரில் இறந்தால் செல்லுமா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், தகனக் கூடம் கட்டணத்தை உயர்த்தினால் மீதியை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், அதே தொகையை வாரிசுடன் கூட்டுக் கணக்கில் போட்டு, என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.