ஓடுதா, ஓட்டுறாங்களா?

கேள்வி: ஜூன் லீவுல குடும்பத்தோட நியூயார்க் போயிருந்தோம். அங்க பெரிய நாடகத் தியேட்டர்லாம் இருக்கிற பிராட்வேயில ஒரு மியூசிக்கல், அதான் பாட்டு நாடகம், பாத்தோம், பாதி விலை டிக்கெட். விமர்சகர்கள் அதைக் கிழிச்சுத் தொங்க விட்டிருந்தாங்க, எங்க வரிசையிலயே பாதி சீட் காலி. ஆனா மாசக்கணக்கா நடக்குதாம். இப்படி ஒரு நாடகம் எப்படித்தான் ஓடுது? (செங்காங் வாசகி)

பதில்: உங்க கேள்வியில 'ஓடுது'ங்கிற வார்த்தையை விட்டு என்னால நகர முடியல. நம்ம பேச்சுல எல்லாமே ஓடும். கடிகாரம் ஓடும், கடை ஓடும், எப்படி இருக்கீங்கன்னு கேட்டா 'ஏதோ வண்டி ஓடுது'ம்போம். ஆனா ஓடுறது வேற, ஓட்டுறது வேற. அந்தக் காலத்துல 100வது நாள் போஸ்டர் ஒட்டணுங்கிறதுக்காகவே ஏதோ ஒரு ஊர்ல ஒரே ஒரு தியேட்டரைப் பிடிச்சு பகல் காட்சி மட்டும் போட்டு படத்தை ஓட்டுவாங்க, வெளிய தோரணம், மாலை போட்ட கட்அவுட், உள்ள போனா பத்து பேரு ஃபேனுக்குக் கீழ பாத்து படுத்துத் தூங்கிட்டு இருப்பாங்க. நீங்க பாத்ததும் அந்த ஜாதிதான். அது ஓடல. ஓட்டுறாங்க.

ஏன் ஓட்டுறாங்கன்னா, மூடினா ஓட்டுறதை விட நஷ்டம் ஜாஸ்தி. நம்ம சிங்கப்பூர் தேக்காவுல ஒருத்தர் இட்லிக் கடை போடுறார்னு வச்சுக்கோங்க. அடுப்பு, கிரைண்டர், மேசை, அட்வான்ஸ் எல்லாம் போட்ட காசு போட்டதுதான், கடையை மூடினா திரும்பி வராது. இன்னைக்கு வாடகை, மாவு, ஆள் சம்பளம், இதுக்கு மேல பத்து வெள்ளி நின்னாக்கூட அவர் கதவைத் திறக்கத்தான் செய்வார். பிராட்வேயிலயும் இதே கணக்குதான். செட்டு, உடை, ஒத்திகைன்னு கொட்டின மில்லியன் எல்லாம் ஒரு பக்கம், ஒவ்வொரு வாரமும் ஆகுற செலவு இன்னொரு பக்கம். வாரச் செலவு வந்துட்டா திரை தூக்கலாம். அதுவும் வரலன்னா எழுத்தாளர், இசையமைப்பாளர், இயக்குநர்கிட்டல்லாம் பேசி ராயல்டியைக் குறைப்பாங்க, தயாரிப்பாளர் கைமாத்து குடுப்பார், மிச்ச சீட்டை டைம்ஸ் ஸ்கொயர்ல சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழ இருக்கிற டிகேடிஎஸ் கவுன்டர்ல அன்னன்னைக்குத் தள்ளி விடுவாங்க. 1973ல இருந்து அங்க தள்ளுபடி விலையில வித்துக்கிட்டு இருக்காங்க. நீங்க வாங்கின பாதி விலை டிக்கெட்டும் அங்கதான் வாங்கினதா இருக்கும். அப்ப அந்த வாரம் வண்டியைத் தள்ளின கைகள்ல உங்க கையும் ஒண்ணு.

இதுல ஹால்காரர் ஒருத்தர் இருக்கார். வசூல் தொடர்ந்து ரெண்டு வாரம் இன்ன தொகைக்குக் கீழ போச்சுன்னா வெளிய போகச் சொல்லலாம்னு ஒப்பந்தத்துலயே எழுதி இருக்கும், அதுக்குப் பயந்து தயாரிப்பாளரே தன் கைக்காசுல டிக்கெட் வாங்கி வசூலைத் தூக்கிப் பிடிச்சதெல்லாம் நடந்திருக்கு. அடுத்த நாடகம் கையில ரெடியா இல்லன்னா ஹால்காரரும் பேசாம இருந்துருவார், பூட்டிப் போட்ட ஹால் காசு தராதே. இன்னொண்ணு, இத்தனை காட்சின்னு ஒரு கணக்கைத் தாண்டினாத்தான் பின்னாடி மத்த ஊர்கள்லயும் பள்ளிக்கூடங்கள்லயும் அந்த நாடகத்தைப் போடுறப்ப வர்ற பணத்துல தயாரிப்பாளருக்கும் முதல் போட்டவங்களுக்கும் முழுப் பங்கு கிடைக்கும். அப்புறம் வெளியூர் டூர் போஸ்டர்ல பிராட்வேன்னு போட்டுக்கலாமே, அதுக்கு ஒரு விலை இருக்கு.

1922ல ஆன் நிக்கல்ஸ்னு ஒரு அம்மா 'ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்'னு ஒரு நாடகம் எழுதி தானே தயாரிச்சாங்க. மியூசிக்கல் இல்ல, வெறும் நாடகம். விமர்சகர்கள் மிதிச்சாங்க, ஆரம்பத்துல கூட்டமும் இல்ல. அந்தம்மா ஆர்னால்ட் ராத்ஸ்டீன்ங்கிற பெரிய சூதாட்டக்காரர்கிட்ட கடன் வாங்கி ஓட்டினாங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல, 2,327 காட்சி. ஓட்டினது ஒரு கட்டத்துல தானே ஓட ஆரம்பிச்சிருச்சு பாருங்க! எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எல்லாருக்கும் இப்படி அமையாது. ஸ்பைடர்மேன் மியூசிக்கல் 75 மில்லியன் அமெரிக்க டாலர்ல வந்துச்சு, 182 முன்னோட்டக் காட்சி நடத்தி 2011 ஜூன்ல முறைப்படி திறந்தாங்க, அதுக்குள்ளயே விமர்சனம் நாறிடுச்சு, ஆனாலும் டூரிஸ்ட் கூட்டம் அள்ளுச்சு. அப்புறம் கூட்டம் கரைஞ்சுது, வாரச் செலவு மட்டும் ஒரு மில்லியனுக்கு மேலயே நின்னுச்சு, 2014 ஜனவரியில மூடிட்டாங்க.

நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்றேன், எனக்கு உண்மையிலயே வயித்தெரிச்சல் அதுலதான். அங்க மோசமான நாடகத்துக்கு மாசக்கணக்குல அவகாசம். இங்க நம்ம சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்துக்கு நல்லா இருந்தாலும் வெள்ளி, சனி, ஞாயிறு, அவ்வளவுதான். மூணு மாசம் ஆபீஸ் விட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒத்திகை பாத்த பிள்ளைங்க. ஹால் அந்த மூணு நாளுக்குத்தான் புக் ஆகியிருக்கும், மானியமும் அந்தக் கணக்குலதான். ஒருத்தர் பாத்துட்டு இன்னொருத்தர்கிட்ட நல்லா இருக்குன்னு சொல்லி அவர் கிளம்பி வர்றதுக்குள்ள செட்டைப் பிரிச்சு லாரியில ஏத்தியாச்சு. நம்மகிட்ட ஓட்டுறதுக்கு ஆள் இல்லாம இல்ல, ஓட்டுறதுக்கு நாள் இல்ல.

அந்த மூணு நாள்லயும் ஓசி பாஸ். இந்தப் பக்கத்துல இதை எத்தனை தடவை எழுதிட்டேன், ஒரு நாடகக் குழுக்காரர் என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதையே நிறுத்திட்டார், பரவால்ல, திரும்பவும் எழுதுறேன். முன் ரெண்டு வரிசையையும் பாஸ்னு தூக்கிக் குடுத்தா பாஸ் வாங்கினவங்க வர்றதில்ல, காசு குடுக்க ரெடியா இருக்கிறவங்களுக்கு ஹவுஸ்ஃபுல்னு பதில். கலை நிகழ்ச்சி டிக்கெட் வாங்கறதுக்குன்னு எஸ்ஜி கல்ச்சர் பாஸ்ங்கிற பேர்ல அரசாங்கம் 2025ல 18 வயசோ அதுக்கு மேலயோ ஆன சிங்கப்பூரர்களுக்கு 100 வெள்ளி குடுத்திருக்கு, 2028 டிசம்பர் வரைக்கும் செல்லும். அந்த பாஸை நான் மனசார வரவேற்கிறேன், ஏன்னா டிக்கெட் காசு குழுவுக்குப் போய்ச் சேருது. உங்க கணக்குல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, கடைசிக் காட்சி முடிஞ்சு நான் வாசல்ல நிக்கிறேன். ஹீரோவா நடிச்ச பையன் மேக்கப்பைக் கூட அழிக்கல, ஒரு கையில கதவுச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில ஸ்க்ரூ கழட்டிட்டு இருந்தான். அவன் போன்ல மெசேஜ் மேல மெசேஜ். 'மச்சான் எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க, அடுத்த வாரம் எத்தனை மணிக்கு ஷோ?' அவன் அதை எனக்குக் காட்டிட்டு போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான், பதில் போடல.