மூன்றாவது ஆல்பத்துக்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

கோத்தகிரி வாசகர்: லேப்டாப்பில் எலெக்ட்ரானிக் இசை செய்து இரண்டு ஆல்பங்களை நானே பேண்ட்கேம்ப் என்ற இசைத் தளத்தில் வெளியிட்டேன். ஹெட்போனில் நிறைவாக இருக்கும் பேஸ் (அடித்தள ஒலி) காரில் குழம்புகிறது; போனில் காணாமலே போகிறது. மூன்றாவது ஆல்பத்துக்கு முன் மானிட்டர் ஸ்பீக்கர் (ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுவது) வாங்கலாமா?

இப்போது வேண்டாம். பத்தடி அறையில் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் அறையே சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும். சுவரோரம் அந்த ஒலி வீங்கும், நடு அறையில் வற்றிவிடும். கிக்கும் (டிரம்மின் கனத்த அடி) பேஸும் குடியிருப்பது அங்கேதான். அறையைச் சரிசெய்யாமல் ஸ்பீக்கர் வாங்கினால் ஹெட்போனைவிட அதிகம் ஏமாறுவீர்கள்.

காரில் குழம்புவது, கிக்கும் பேஸும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்வதால். கிக் 55 ஹெர்ட்ஸில் பலமாக இருந்தால், பேஸில் அந்த இடத்தை 3 டெசிபல் குறையுங்கள். பிறகு பேஸுக்கு ஒரு கம்ப்ரஸர் (ஒலியைத் தானே அமுக்கும் கருவி) போட்டு, கிக் விழும்போதெல்லாம் அது அமுக்கும்படி கிக்கை சைட்செயினாகக் கொடுங்கள்: ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 1 மில்லி செகண்ட், ரிலீஸ் (விடுவிக்க எடுக்கும் நேரம்) 100. கிக் விழும்போது பேஸ் 4 டெசிபல் இறங்கினால் போதும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 500 மில்லி செகண்ட்தான். ரிலீஸை 400க்கு மேல் வைத்தால் பேஸ் எழுந்து நிற்கும் முன்பே அடுத்த கிக் வந்து அமுக்கிவிடும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ (இடம் வலம் பிரியாத ஒரே ஒலி). ரிவெர்புக்குப் (எதிரொலி விளைவு) போகும் ஒலியில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கலங்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

போன் ஸ்பீக்கருக்கு 55 ஹெர்ட்ஸ் எட்டாது, எவ்வளவு ஏற்றினாலும் எட்டாது. பேஸ் டிராக்கை நகலெடுத்து, சாச்சுரேஷன் (லேசான சிதைவு) கொடுத்து, அதன்பின் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அசலுக்கு அடியில் கேட்டும் கேட்காமலும் கலந்துவிடுங்கள். 220, 275, 330 என்று எழும் ஹார்மோனிக்குகளை (அடிச்சுரத்தின் மடங்குகள்) வைத்துக் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய ஆல்பங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு, பாட்டு வாரியாகக் குறைகளை மட்டும் எழுதுங்கள். இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் குறை எதுவோ, அதைத் தீர்ப்பதே மூன்றாவது ஆல்பத்தின் வேலை. அது தீர்ந்துவிட்டால், மற்றவை மிச்சமிருந்தாலும் வெளியிடுங்கள். முடிக்காமல் வைத்திருக்கும் ஆல்பத்திலிருந்து யாரும் எதுவும் கற்றதில்லை. முடித்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். சில ஆண்டுகளில் ப்ளகின் (மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) திறக்காமல் போனாலும் மறுபடி மிக்ஸ் செய்யலாம். மாஸ்டரில் (இறுதிப் பிரதியில்) ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மெல்லிய பாட்டை உரத்த பாட்டின் அளவுக்கு ஏற்றாதீர்கள். ஆல்பம் என்றால் ஏற்ற இறக்கம் இருக்கட்டும்.

குன்னூர் வாசகர்: ஆல்பத்துக்காகப் பனிமூட்டத்தில் தவளை, பூச்சிச் சத்தம் பதிவு செய்தால் கண்டென்சர் மைக் படபடவென்று பொரிகிறது. மைக் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. டயாஃப்ரத்துக்கும் (ஒலியில் அதிரும் சவ்வு) பின்தகட்டுக்கும் இடையே நிற்கும் மின்னூட்டம், ஈரம் படிந்தால் கசியும். அந்தச் சத்தம்தான் அது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஓரிரு நாள் வையுங்கள். வெளியே குளிர்ந்த மைக்கை வீட்டுக்குள் வந்ததும் பையிலிருந்து எடுக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர்த்துளி கோத்துக்கொள்ளும்.

ஊட்டி வாசகர்: நீலகிரிப் பழங்குடியான கோத்தர் இசையின் பதிவிலிருந்து நான்கு நொடி எடுத்து லூப் செய்யலாமா (திரும்பத் திரும்ப ஒலிக்கவிடலாமா)?

கேட்காமல் செய்யாதீர்கள். ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை வெளியான பின் 60 ஆண்டுகள்; வாசித்தவருக்குத் தனியாக 50 ஆண்டு உரிமை உண்டு. நீங்களே பதிவு செய்திருந்தாலும் இரண்டாவது பொருந்தும். சட்டத்தைவிட முக்கியமானது ஒன்று: கோத்தர்கள் தெய்வத்துக்கு வாசிப்பது வேறு, இறப்புச் சடங்கில் வாசிப்பது வேறு. உங்கள் நான்கு நொடி எதைச் சேர்ந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். சம்மதித்தால் வாசித்தவர் பெயரும் பங்கும் எழுத்தில் இருக்கட்டும். வேண்டாம் என்றால் அந்த லூப்பை அழித்துவிடுங்கள்.