ஃப்ளைட் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எரிபொருள் குடிக்கும், காசு எவ்வளவு ஆகும்?

நம்ம ஊர்ல அதிகமா ஓடுற ஏர்பஸ் ஏ320 நியோவையே எடுத்துக்குவோம். மேல ஏறி நிதானமா பறக்கும்போது மணிக்கு 2700 லிட்டர் சுமாருக்குக் குடிக்கும், ஆனா ரன்வேல ஓடிக் கிளம்புற நேரத்துல பாத்தீங்கன்னா ரெண்டு இன்ஜினும் சேந்து விநாடிக்குக் கிட்டத்தட்ட 2 லிட்டர், அதாவது நீங்க 'ஒண்ணு'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தண்ணி பாட்டில் காலி.

சென்னை டு டெல்லி ரெண்டே முக்கா மணி நேரம், தோராயமா 7500 லிட்டர் போகும். லிட்டர் 90 ரூபான்னு வச்சா ஆறே முக்கால் லட்சம். 186 சீட்டும் ஃபுல்லுன்னா ஆளுக்கு 40 லிட்டர், 3600 ரூபா. 1760 கிலோமீட்டருக்கு 40 லிட்டர்னா லிட்டருக்கு 44 கிலோமீட்டர், நம்ம பைக் மைலேஜ்தாங்க! சீட் காலியா போனாத்தான் கணக்கு உதைக்கும்.

இதுல கூத்து என்னன்னா விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரல, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வாட் வேற, விலையும் மாசாமாசம் 1ஆம் தேதி மாறும். அதனால மலிவா கிடைக்கிற ஊர்லயே திரும்பி வர்றதுக்கும் சேத்து ரொப்பிக்கிறதும் உண்டு. ஆனா அந்த எக்ஸ்ட்ரா வெயிட்ட தூக்கிட்டுப் பறக்கவே கொஞ்சம் எரிபொருள் செலவாகும், அதனால விலை வித்தியாசம் நல்லா இருந்தாத்தான் கட்டுப்படியாகும். தரையிறங்குனதும் ஒரு இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஒத்தை இன்ஜின்லயே உருட்டிட்டு வர்றதும் இந்தக் காசுக்காகத்தான்.