"சபையில் பலர் சொல்கிறார்கள், பாஸ்டர்": அந்தப் பலர் யார்?

கேள்வி: 9 வருடமாக ஒரே சபையில் ஊழியம் செய்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு 70 பேர் வரை வருவார்கள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு 6 பேர். எதைச் சொன்னாலும் சபையில் அசைவே இல்லை. போன மாதம் ஒரு மூப்பர் வீட்டுக்கு வந்து, "சபையில் பலருக்கு உங்கள் பிரசங்கத்தில் திருப்தி இல்லை. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்" என்றார். அன்றிலிருந்து பிரசங்க மேடையில் ஏறவே கூசுகிறது. ராஜினாமா கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எனக்கு அழைப்பே இல்லையோ ஐயா?

பதில்: தம்பி, கடிதம் இழுப்பறையிலேயே இருக்கட்டும். கிழிக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். அழைப்பு உண்டா இல்லையா என்பது பெரிய கேள்வி. அதை ஆராய்ந்து பார்க்கிற நிலையில் நீங்கள் இன்று இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல் என்னை உறுத்துகிறது. "பலருக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் யார்? ஒரு பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சோர்ந்துபோன போதகர்களோடு உட்கார்ந்து பேசுவதே இப்போது எனக்கு ஊழியம். முகத்துக்கு நேரே கேட்ட விமர்சனத்தால் ஊழியத்தை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நேரே சொன்னால் வலிக்கும். ஆனால் பதில் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம், திருத்திக்கொள்ளலாம். இன்னொருவர் வாய்வழியாக வருகிறதுதான் ஆளைக் கொல்கிறது. அதற்கு முகம் இல்லாததால், ஞாயிறு காலையில் எதிரே உட்கார்ந்திருக்கிற அத்தனை முகங்களிலும் அது தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு, பிரசங்கக் குறிப்புகளை முடித்து எழுந்தபோது சபையில் பொறுப்பிலிருந்த ஒருவர் வந்தார். உட்காரவில்லை, வாசலிலேயே நின்று, "பாஸ்டர், உங்கள் மேலுள்ள அன்பினால் சொல்கிறேன். நீங்கள் மேடையில் கத்துகிறீர்கள், காது வலிக்கிறது என்று நாலு பேர் பேசுகிறார்கள்" என்றார். யார் என்று கேட்டேன். "பெயர் வேண்டாமே" என்றார். அவர் போன பிறகு நான் படுக்கவில்லை. எழுதிய செய்தியைத் தள்ளிவிட்டு, இரவு 2 மணிக்கு முறுமுறுப்பைப் பற்றி ஒரு செய்தி எழுதினேன். மறுநாள் அதைத்தான் பிரசங்கித்தேன். கடைசி வரிசையில் இருந்த வயதான ஒரு சகோதரரைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன்; அந்த நாலு பேரில் அவர் ஒருவர் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, மனச்சாட்சி தாங்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். நேரடியாகவே கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னால் இருக்கிற ஸ்பீக்கர் கீச்சென்று கத்துகிறது, வயர் எங்கேயோ லூசாக இருக்கிறது, பார்க்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன் பாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். கத்தியது ஸ்பீக்கர். கேட்டுக்கொண்டதும் ஒரே ஒருவர். அது ஒருவர் வாய் மாறி வந்தபோது கத்துகிறவன் நானாகிவிட்டேன், ஒருவர் நாலு பேராகிவிட்டார். அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மூன்று வாரப் பிரசங்கங்களை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

ஆகவே செய்தி கொண்டுவருகிறவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவருக்குச் சில அடையாளங்கள் உண்டு. ஆட்களின் எண்ணிக்கை சொல்வார், பெயர் சொல்லமாட்டார். "அன்பினால் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து "நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்" என்று முடிப்பார். சனிக்கிழமை இரவோ, நீங்கள் களைத்துப்போயிருக்கிற நேரமோ பார்த்து வருவார். போகும்போது, "நான் பேசி அமர்த்திவிடுகிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்பார். இந்தக் கடைசி வார்த்தையைத்தான் கவனிக்க வேண்டும். அதன் பிறகு சபையார் உங்களிடம் வரவும் அவர் வேண்டும், நீங்கள் சபையாரிடம் போகவும் அவர் வேண்டும். தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் பட்டணத்து வாசலில் நின்று செய்தது இதைத்தானே (2 சாமுவேல் 15). வழக்கோடு வந்தவர்களிடம், உன் காரியம் நியாயமானதுதான், ஆனால் ராஜாவிடத்தில் அதை விசாரிப்பார் இல்லையே என்றான். ராஜாவுக்கும் ஜனத்துக்கும் நடுவில் நின்றே ஜனத்தின் இருதயத்தைக் கவர்ந்துகொண்டான்.

இன்னொரு வகை இடைத்தரகர் வெளியிலிருந்து வருவார். போதகர் சோர்ந்திருக்கிறார் என்பது எப்படியோ இவர்களுக்கு எட்டிவிடும். "தேவன் உங்களுக்காக என்னிடம் பேசினார்" என்பார். உங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம் வைத்தால் எழுப்புதல் வரும் என்பார். ஒரு பட்டம் வாங்கிக்கொண்டால் சபையில் மதிப்பு வரும், ஏற்பாடு செய்கிறேன் என்பார். கூட்டம் முடிந்ததும் காணிக்கை அவரோடு போய்விடும், உங்கள் 6 பேர் அதே 6 பேராக இருப்பார்கள். நெகேமியா 6-ஆம் அதிகாரத்தில், எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவிடம் செமாயா என்றொருவன் பேசுகிறான். உன்னைக் கொல்ல வருகிறார்கள், தேவாலயத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வோம் என்று தீர்க்கதரிசனம்போலவே சொல்கிறான். அந்த வேலையைத் தடுக்கப் பார்த்த தொபியாவும் சன்பல்லாத்தும் அவனுக்குக் கூலி கொடுத்திருந்தார்கள் என்று நெகேமியா பிறகு கண்டுகொள்கிறான். பயந்திருக்கிற நேரத்தில் வந்து பயத்தை வளர்க்கிற எந்த வார்த்தைக்கும் உடனே தலையாட்டாதீர்கள். பணம் கேட்டால் இன்னும் கவனம்.

உங்கள் மூப்பர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உண்மையான பாரத்தோடும் வந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மறுபடி அவரைப் பார்க்கும்போது அமைதியாக இப்படிச் சொல்வதுதான்: "ஐயா, நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. அவர்களில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், அல்லது நாம் இருவருமாக அவர் வீட்டுக்குப் போவோம். நான் வாதாடமாட்டேன், கேட்டுக்கொள்கிறேன்." பாரமுள்ளவர் வருவார். மற்றவர் "அது அப்போதே தீர்ந்துவிட்டது பாஸ்டர்" என்பார். வந்து யாராவது நேரில் குறை சொன்னால், அதை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். "பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது", "எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் வரவில்லை" என்று இரண்டு மூன்று தேறும். பாதியைத் திருத்திவிடலாம்.

இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன்மேல் குற்றச்சாட்டை ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. அது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் இங்கே நிறுத்தி, ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் போனால் நான் எழுதியது தவறான கைகளில் கேடயமாகிவிடும். வந்த குறை உங்கள் பிரசங்கத்தைப் பற்றியதாக இல்லாமல், சபைப் பணத்தைப் பற்றியோ, பெண்களிடமோ பிள்ளைகளிடமோ நடந்துகொண்ட விதத்தைப் பற்றியோ இருந்தால், மேலே நான் சொன்ன எதுவும் பொருந்தாது. பெயர் போடாத கடிதமாக இருந்தாலும் சரி, ஒரே ஒருவர் சொன்னதாக இருந்தாலும் சரி, "சாட்சி எங்கே" என்று கேட்காதீர்கள். சொன்னவர் யாரென்று தேடாதீர்கள். அவரைச் சந்தித்துப் பேசவும் போகாதீர்கள். கணக்கென்றால் அன்றைக்கே புத்தகங்களை மூப்பர்கள் முன்னால் வைத்து, வெளியாள் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் விசாரிக்க வேண்டியது சபை அல்ல, அரசு அதிகாரிகள். நீங்கள் மேடையை விட்டு விலகி நிற்க வேண்டும். அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே என்ற சங்கீதம் 105-இன் வார்த்தையைக் காட்டிச் சபையின் வாயை அடைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வசனம் ஊர் ஊராய் அந்நியராகத் திரிந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்கவிடாமல் தேவன் காத்ததைப் பற்றியது. கணக்குக் கேட்கிற விசுவாசிக்கு எதிராக எழுதப்பட்டதல்ல. அதே 1 தீமோத்தேயுவில் அடுத்த வசனம், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. 19-ஐப் படிக்கிறவர் 20-ஐயும் படிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கிறவர் நீங்கள் மட்டும் அல்லவே.

இனி அந்த 6 பேர். நீங்கள் செய்கிறீர்களா தெரியாது, நான் வருடக்கணக்கில் செய்த தப்பு இது: வராதவர்களை வந்தவர்கள் முன்னால் திட்டுவது. புதன்கிழமை அலுப்போடு வந்து உட்கார்ந்த 6 பேர், வராத 64 பேருக்கான வசவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வாரம் 5 பேர். சபை அசையவில்லை என்று நாம் சொல்கிறவர்களில் எத்தனையோ பேர் இரவு வேலை முடித்து நேராக ஆராதனைக்கு வருகிறவர்கள், படுத்த படுக்கையான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள். போய்ப் பாருங்கள். ஜெபக்கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1782-இல் சார்லஸ் சிமியோன் என்ற 23 வயது வாலிபரைப் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குப் போதகராக நியமித்தார்கள். சபையார் விரும்பியது வேறொருவரை. அந்தக் காலத்து ஆலயங்களில் குடும்பத்துக்கொரு இருக்கை, அதற்குக் கதவும் பூட்டும் உண்டு. அவற்றைப் பூட்டிவிட்டு அவர்கள் வராமல் இருந்தார்கள். கேட்க வந்த மற்றவர்கள் நடைபாதையில் நின்றார்கள். சிமியோன் அங்கே இருக்கைகள் போட்டார். ஆலய நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். ஞாயிறு பிற்பகல் பிரசங்கத்தையும் 12 வருடம் அவருக்குத் தராமல் வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். பூட்டிய இருக்கைகளுக்கு முன்னால், நடைபாதையில் நின்றவர்களுக்கு அவர் பிரசங்கித்தார். 1836-இல் இறக்கும்வரை, 54 வருடம், அதே ஆலயத்தில் இருந்தார். எல்லாரும் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நின்றவர்களைப் பார்த்துப் பிரசங்கித்தாரே, அதை நீங்கள் இந்தப் புதன்கிழமையே செய்யலாம்.

அழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்டான்; பிறகு ஓரேபிலே, நான் ஒருவன் மாத்திரம் மீதி என்றான். ஆனால் 1 இராஜாக்கள் 18-இல், 100 தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்துவைத்து ஆகாரம் கொடுத்து வந்தேன் என்று ஆகாப் ராஜாவின் அரமனை விசாரிப்புக்காரனான ஒபதியா அவனிடமே சொல்லியிருந்தான்! காதால் கேட்டும் மனசில் ஏறவில்லை. சோர்வு வந்தால் கணக்கு தப்பும். கர்த்தர் சொன்ன கணக்கு 7,000. அதையும் உடனே சொல்லவில்லை. முதலில் அவனைத் தூங்கவிட்டார். தூதன் எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். கடிந்த வார்த்தை ஒன்றும் அங்கே இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, செத்தால் போதும் என்ற நினைவு வருகிறது என்றால் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. 1856-இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பேர்பெற்ற பிரசங்கியார் பிரசங்கித்துக்கொண்டிருந்த மண்டபத்தில் யாரோ "நெருப்பு" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அவருடைய மனச்சோர்வு அதன் பிறகும் வாழ்நாளெல்லாம் வந்து வந்து போனது. அவருக்கு அழைப்பு இல்லை என்று நீங்கள் சொல்வீர்களா?

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் உங்கள் மேலிடத்தில் இருக்கிறார்கள். ஆண்டறிக்கைப் படிவத்தில் ஞானஸ்நானம் எத்தனை, காணிக்கை எவ்வளவு என்று கேட்கிறார்கள். போதகர் கடைசியாக எப்போது ஓய்வெடுத்தார், அவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறார் என்று கேட்க ஒரு வரி கிடையாது. வேதாகமக் கல்லூரியில் கிரேக்க இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள்; சனிக்கிழமை இரவு வாசலில் வந்து நிற்கிறவரிடம் என்ன பேசுவது என்று எனக்கு ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரச்சினை வந்தால் இடமாற்றம், அதோடு முடிந்தது. அங்கேயும் போதகருக்கு மேய்ப்பன் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. அவர்கள் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். வேறு சபைப் போதகர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை இருவரும் உட்காருங்கள். மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். அவரும் அதே ஆராதனையில் அதே முகங்களின் நடுவில் உட்கார வேண்டும்.

அந்த மூப்பரை இந்த வாரமே பாருங்கள், சனிக்கிழமை வேண்டாம். புதன்கிழமை வருகிற 6 பேர் பெயரையும், ஒவ்வொருவரும் வீட்டில் என்ன பாரத்தோடு இருக்கிறார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். யாராவது ஒருவரைப் பற்றி எழுத ஒன்றும் தெரியவில்லை என்றால், முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். தாளை இழுப்பறையில், அந்தக் கடிதத்தின் மேல் வையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் எடுத்துப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.