சம்பளத்துல பத்து வெள்ளி வெட்டட்டுமா?

கேள்வி: அண்ணே, கேஎல்ல ஒரு யூனிவர்சிட்டி ஆபிஸ்ல கிளார்க்கா இருக்கேன். பக்கத்துல பிபிஆர்ங்கிற அரசாங்க மலிவு வாடகை பிளாட்டுல கஷ்டப்படுற குடும்பங்களுக்கு உதவுற ஒரு சங்கத்துக்கு லெக்சரர், ஸ்டாப், ஸ்டூடன்ட் எல்லாரும் சேர்ந்து குடுக்கணும்னு இந்த வருஷம் கேம்பேன் போட்டிருக்காங்க. மாசம் பத்து வெள்ளி சம்பளத்துல வெட்டிக்கச் சொல்லி ஒரு பாரம் வந்திருக்கு, லிப்ட் பக்கத்துல மீ பாக்கெட், அரிசி போட ஒரு பெட்டியும் இருக்கு. எதுல சேர்றது? கையெழுத்து போடலன்னா எச்ஓடி (எங்க துறைத் தலைவர்) மூஞ்சிய வேற பாக்கணும்.
– ஒரு வாசகி, பந்தாய் டாலாம்

பதில்: மொதல்ல மூஞ்சி விஷயத்த முடிச்சிடுவோம் தங்கச்சி. பாரம் நேரா சம்பளப் பிரிவுக்குத்தான் போகணும், எச்ஓடி மேசைக்கு இல்ல. யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி வாட்சாப் குரூப்ல போட்டாங்கன்னா அது வசூல், தர்மம் இல்ல. உங்களுக்கே கடன் கழுத்த நெரிக்குதுன்னா போடாதீங்க, யாருக்கும் காரணமும் சொல்ல வேணாம்.

முடியும்னா என் ஓட்டு பத்து வெள்ளிக்குத்தான். பெட்டிய நான் குறை சொல்லல, ஆனா அதுல என்ன விழுதுன்னு எட்டிப் பாருங்க, பாதிக்கு மேல மேகிதான் கெடக்கும். யூனிசெப் 2018-ல கேஎல் மலிவு விலை பிளாட்டுகள்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள்ல 22 விழுக்காடு வயசுக்கேத்த உயரம் இல்ல, அதே ஆய்வுலதான் 23 விழுக்காடு பிள்ளைங்க எடை கூடுதல்னும் இருக்கு. வயிறு நெறையுது, சத்து இல்ல, அந்த வீட்டுக்கு இன்னும் நாலு பாக்கெட் மீ எதுக்கு சொல்லுங்க? காசா இருந்தா சங்கத்துக்காரங்க முட்டை, பால், சார்டின்னு வாங்குவாங்க. அதுவும் இல்லாம ஒரு வீட்டுக்குத் தேவை ஸ்கூல் பஸ் காசு, இன்னொரு வீட்டுக்கு பேம்பர்ஸ், இன்னொரு வீட்டுல வாடகை பாக்கி. பிபிஆர் வாடகை 124 வெள்ளிதான்னு நமக்கு சின்னதாத் தெரியும், நாலஞ்சு மாசம் சேர்ந்துட்டா தினச் சம்பளக்காரன் எங்க போவான்? இதெல்லாம் மாசா மாசம் வர்ற செலவு, தீபாவளிக்கு ஒரு ஹேம்பர் குடுத்துட்டு போயிட்டா பத்தாது.

இன்னொண்ணு, அரசாங்கக் கணக்குல 2022-ல வறுமைக் கோடு ஒரு வீட்டுக்கு சராசரியா மாசம் 2,589 வெள்ளி. வீட்டுக்கு 2,800 வந்தா பேப்பர்ல அவங்க ஏழை இல்ல, கேஎல்ல பிள்ளைங்கள வச்சுக்கிட்டு அந்தக் காசுல ஓட்டிப் பாத்தவங்களக் கேளுங்க. இந்த மாதிரி நடுவுல மாட்டுனவங்கள கண்டுபிடிக்கிறது பக்கத்துலயே இருக்கிற சின்ன சங்கத்தாலதான் முடியும். ஏன், உங்க கட்டடத்த கூட்டுற கான்ட்ராக்ட் அக்காவே அந்த பிளாட்டுல இருந்து வர்றவங்களா இருக்கலாம், அவங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

கையெழுத்து போடறதுக்கு முன்னால சங்கம் ஆர்ஓஎஸ்ல (சங்கப் பதிவிலாகா) பதிஞ்சிருக்கான்னு பாருங்க. பேங்க் கணக்கு சங்கத்து பேர்ல இருக்கணும், தனி ஆள் பேர்ல இருந்தா வேணாம், சந்தேகம்னா மோசடிக் கணக்கான்னு பாக்குற போலீஸோட செமாக் மியூல் வெப்சைட்ல அந்த நம்பர தட்டிப் பாருங்க. சங்கத்துக்கு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவு அனுமதி இருந்தா ரசீது வச்சு வரியில கழிக்கலாம், மொத்த வருமானத்துல 10 விழுக்காடு வரைக்கும். ரொம்ப எதிர்பார்க்காதீங்க, ஜக்காத் குடுக்கிற முஸ்லிம்களுக்கு கட்ட வேண்டிய வரியிலயே கழியும், நமக்கு வருமானத்துல மட்டும்தான், வருஷத்துக்கு 120 வெள்ளி குடுத்து ஆறு விழுக்காடு வரி கட்டுறவருக்கு மிச்சம் 7 வெள்ளி 20 காசு. ஒரு தே தாரிக்கு மேல கொஞ்சம் வரும்!

கேள்வி: பொருள் குடுக்கும்போது போட்டோ எடுத்து பேஸ்புக்ல போடலாமா? ஸ்பான்சர் கேக்கிறாங்க.
– ஒரு லெக்சரர், கோலாலம்பூர்

பதில்: அடுக்கி வச்ச அரிசி மூட்டைய எடுத்து அனுப்புங்க சார், வாங்குறவங்க முகம் வேணாம். 2021 எம்சிஓ (கோவிட் ஊரடங்கு) நேரத்துல உதவி வேணும்னா வீட்டுல வெள்ளைக் கொடி கட்டச் சொன்னப்ப எத்தனையோ பேர் வெக்கப்பட்டுக்கிட்டு கட்டவே இல்ல. அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு உங்க கிளாஸ்லயே வந்து உக்காரலாம், அப்ப அந்த போட்டோ கூகுள்ல கெடக்கணுமா? ஸ்பான்சருக்கு செலவுக் கணக்க காட்டுங்க, போதும்.

கேள்வி: நாங்க ஸ்டூடன்ட்ஸ் டின் எடுத்துக்கிட்டு பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) வசூல் பண்ணலாம்னு இருக்கோம், சரியா அண்ணே?
– ஒரு மாணவர்

பதில்: தம்பி, தெருவுலயும் வீடு வீடாவும் வசூலிக்க 1947-லேயே தனிச் சட்டம் இருக்கு, போலீஸ் பெர்மிட் வேணும். ஸ்டூடன்ட் காசு வசூலிக்கவே கூடாதுன்னு ஆக்கு சட்டத்துல (யூனிவர்சிட்டிகளுக்கான சட்டம்) இருந்தத தளர்த்திட்டாங்கதான், ஆனாலும் எச்இபில (மாணவர் விவகாரப் பிரிவு) ஒரு லெட்டர் வாங்கிக்குங்க. டின்ன சீல் பண்ணி நம்பர் போடுங்க, பிரிச்சு எண்ணும்போது சங்கத்து ஆள் ஒருத்தர் கூட இருக்கட்டும், மறுநாளே பேங்க்ல கட்டிடுங்க, ஹாஸ்டல் ரூம்ல வைக்காதீங்க.