சீட்டாட்ட கேசில் பைன் கட்டியவர் கேசினோ லைசென்ஸ் படிவத்தில் 'இல்லை' என்று போடலாமா?

காசிமேட்டில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 24. கோவாவில் கப்பல் கேசினோ ஒன்றில் இரண்டு வருடம் டீலராக, அதாவது மேஜையில் சீட்டுப் போடுபவராக, இருந்தவர். இப்போது சிங்கப்பூரில் வேலை கூடி வருகிறது. லைசென்ஸ் படிவத்தில் 'எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்பானதுண்டா' என்று ஒரு கேள்வி இருக்கிறதாம். ஆறு வருடத்துக்கு முன் ஒரு காணும் பொங்கல் அன்று 'உள்ளே வெளியே' சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஒன்பது பேரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போக, மறுநாள் கோர்ட்டில் பைன் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். "பெட்டி கேஸ்தானே சார், இல்லைன்னு போட்டுடலாமா? பாரிமுனையில ஒரு ஏஜென்ட் 40,000 குடுத்தா சிஸ்டத்துல இருந்தே எடுத்துடறேன்னு சொல்றார்" என்று கேட்கிறார்.

போடாதீர்கள். அந்த ஆளுக்குப் பத்துப் பைசா கூடக் கொடுக்காதீர்கள்.

அன்றைக்கு கோர்ட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள் தம்பி. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்திருப்பார்கள், பின்னால் இருந்த ஏட்டு "ஆமான்னு சொல்லுப்பா, சீக்கிரம் போலாம்" என்றிருப்பார், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு 'ஆமாம்'தான் குற்றத்தை ஒப்புக்கொண்டது, அதன் பேரில் போட்ட அபராதம்தான் தண்டனை. டிராஃபிக் போலீஸ் ரோட்டில் நிறுத்தி ரசீது கிழித்துக் கொடுப்பது மாதிரி இல்லை இது. சென்னைக்குள் என்றால் பெரும்பாலும் 1888ஆம் வருடத்து நகரக் காவல் சட்டத்தில் போட்டிருப்பார்கள், சூதாட்ட விடுதி நடத்தியவர் மேல் பிரிவு 45, அங்கே ஆடியவர்கள் மேல் 46. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், ஆனால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோவாவில் யாரும் கேட்கவில்லையே என்று தோன்றும். சிங்கப்பூர் வேறு. அங்கே இருப்பதே இரண்டு கேசினோ, இரண்டும் 2010இல் திறந்தவை. டேபிளில் நிற்கிற டீலரே 'சிறப்பு ஊழியர்' லைசென்ஸ் வாங்க வேண்டும். 2022 ஆகஸ்டில் இருந்து சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் என்று தனி அமைப்பு இதைப் பார்க்கிறது. ஆளின் நேர்மை, பின்னணி, பண நிலைமை எல்லாவற்றையும் விசாரிப்பார்கள், கைரேகை கேட்கவும் அதிகாரம் உண்டு. லோன் ஆப்பில் கடன் நின்றால் அதையும் அடைத்துவிட்டுப் போங்கள். பதினெட்டு வயதில் சீட்டாடி பைன் கட்டியதை அவர்கள் எப்படி எடைபோடுவார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் படிவத்தில் பொய் சொன்னால் அதுவே அங்கே தனிக் குற்றம். பழைய கேஸ் இங்கே சிறியது, பொய் அங்கே பெரியது.

இப்போது ஏஜென்ட் விஷயம். இவர்களை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். பாஸ்போர்ட் ஆபீஸ் கொடுக்கும் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட், அதுதான் பி.சி.சி., அதற்கு கட்டணமே 500 ரூபாய், ஆன்லைனில் நீங்களே போடலாம். அதற்காக விசாரிக்கும் ஸ்டேஷனில் பழைய பெட்டி கேஸ் சில சமயம் கண்ணில் படும், சில சமயம் படாது. படாமல் 'கிளியர்' என்று வந்தால் ஏஜென்ட் "பார்த்தியா, எடுத்துட்டேன்" என்பார். பட்டுவிட்டால் "மேல கேட்கிறாங்க" என்று இன்னொரு இருபதாயிரம். அவர் எதையுமே எடுக்கவில்லை தம்பி. உங்கள் காசை வைத்து ஆடுகிறார், எந்தப் பக்கம் சீட்டு விழுந்தாலும் அவருக்கு லாபம். எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, தீர்ப்பு கோர்ட் ரிக்கார்டு ரூமில் இருக்கிறது, இத்தனையையும் ஒரே ஆள் அழிக்க முடியாது. பி.சி.சி. சுத்தமாக வந்தாலும் படிவத்தின் கேள்வி மாறாது, 'எப்போதாவது' என்றால் எப்போதாவதுதான். இதே ஆள் வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னால், வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000, மேலே ஜி.எஸ்.டி., அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும்? எஃப்.ஐ.ஆர். நம்பர், கோர்ட்டின் எஸ்.டி.சி. நம்பர் (கோர்ட்டில் அந்தச் சின்னக் கேசுக்குப் போட்ட எண்) இரண்டையும் தேடி எடுத்து, தீர்ப்புக்குச் சான்றிட்ட நகல் கேட்டு காப்பி அப்ளிகேஷன் போடுங்கள். போட்டால் உடனே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். "கட்டு மேல இருக்கு", "கிளார்க் லீவு", "வெள்ளிக்கிழமை வாங்க". ஒரு பக்கத் தீர்ப்புக்காக ஒரு கோர்ட்டில் நான் நாலு வெள்ளிக்கிழமை நின்றிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தால் பாரிமுனையில் பாதி ஏஜென்ட்கள் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள். நகல் கிடைத்ததும் படிவத்தில் 'ஆம்' என்று போட்டு, தேதி, பிரிவு, அபராதம் எழுதி, நகலை இணையுங்கள். கதை எழுத வேண்டாம், மூன்று வரி போதும்.

ஒன்றே ஒன்று விட்டுப்போனது, அதை அழுத்திச் சொல்கிறேன். வயது 24, ஆறு வருடத்துக்கு முன் என்கிறீர்கள். அந்தக் காணும் பொங்கல் அன்று உங்களுக்கு 18 முடிந்திருந்ததா? 17 வயதும் பதினோரு மாதமும் என்றால் கூட நீங்கள் சட்டப்படி சிறுவர், கேஸ் சிறார் நீதி வாரியத்துக்குப் போயிருக்க வேண்டும், பெரியவர்களோடு வரிசையில் நிற்க வைத்ததே தப்பு. கோர்ட்டுக்குக் கொண்டுபோன நாள் கணக்கில்லை, ஆடிய நாள்தான் கணக்கு. கேஸ் முடிந்த பிறகும் இந்த வாதத்தை எழுப்பலாம் என்று 2015ஆம் வருடச் சிறார் சட்டத்தின் பிரிவு 9 சொல்கிறது. பிரிவு 24 இந்த மாதிரிக் கேசால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது. வயதுக்குச் சாட்சி பத்தாம் வகுப்பு மார்க்ஷீட் அல்லது பள்ளிச் சான்று, அது இல்லையென்றால்தான் மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை. ஆதார் கார்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இதிலும் கோர்ட் உத்தரவு கையில் வந்த பிறகுதான் படிவத்தின் பதிலைப் பற்றி யோசிக்கலாம். வருவதற்கு முன்பே 'இல்லை' என்று போட்டால் அதுவும் பொய்தான்.

அம்மாவிடம் கேட்டு மார்க்ஷீட்டை எடுங்கள். அதில் இருக்கும் பிறந்த தேதியையும் எஃப்.ஐ.ஆர். தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.