தடித்த வண்ணம் என்ன சொல்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: எண்ணெய் ஓவியத்தில் வண்ணம் தடித்திருந்தால் உணர்ச்சியும் அதிகம் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1950களில் பிரிட்டிஷ் ஓவியர் ஃப்ராங்க் ஆவர்பாக் வண்ணத்தின் மேல் வண்ணமாகக் குவித்தார். பிற்காலத்தில் தீட்டியதைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி தீட்டினார். வண்ணத்தின் மேடு குறைந்தது, தேடல் குறையவில்லை. பெல்ஜிய ஓவியர் லூக் டாய்மன்ஸ் நாஜிகளின் நச்சுவாயு அறையைக்கூட (1986) வெளிறிய, மெல்லிய பூச்சில்தான் வரைந்தார். அங்கே அச்சமூட்டுவது அந்த மெலிவுதான்.

கேள்வி: என் படத்தில் வெடிப்பு விழுகிறதே?

பதில்: எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. மேல்தோல் முதலில் இறுகும், உள்ளே பல மாதம் இளகியே இருக்கும். கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே அதிகமாகவும் இருக்கட்டும். அடியில் துத்தநாக வெள்ளை வேண்டாம். நாளடைவில் அது நொறுங்கி, மேலடுக்கையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

கேள்வி: வார்னிஷ் எப்போது பூசலாம்?

பதில்: மெல்லிய பூச்சுக்கு ஆறு மாதமாவது ஆகட்டும். தடித்ததற்கு ஓராண்டும் போதாமல் போகலாம்.

கேள்வி: பிரிட்டிஷ் ஓவியர் க்ளென் பிரவுன், ஆவர்பாக் வரைந்த முகங்களை மேடே இல்லாத வழவழப்பான பரப்பில் வரைகிறார். போட்டோவில் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரிகின்றன. அப்படியானால் உண்மையான மேடு எதற்கு?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் முடிவு தலைகீழ். பிரவுன் அச்சுப்படங்களைப் பார்த்து வரைபவர். நேரில் கிட்டே போனதும் சுழிகள் எல்லாம் தட்டையாகிவிடுகின்றன. அந்த ஏமாற்றம்தான் அவர் படத்தின் பொருளே. மேடு என்ற ஒன்று இல்லாவிட்டால் ஏமாற என்ன இருக்கிறது?

கேள்வி: விடமாட்டேன். படத்தை யாரும் தொடப்போவதில்லை. கண்ணுக்குக் கிடைப்பது வெறும் படிமம்தானே?

பதில்: பார்ப்பவர் நடக்கிறார், நிழலும் கூடவே நகர்கிறது. அமெரிக்க ஓவியர் ஜே டிஃபியோ 'ரோஜா' என்ற ஓவியத்தை 1958 முதல் 1966 வரை தீட்டினார். எடை ஏறத்தாழ ஒரு டன். நடுவிலிருந்து விரியும் வரப்புகளில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போதுதான் அந்தப் படம் விழித்துக்கொள்கிறது. எட்டாண்டு உழைப்பு அங்கே கனமாகவே நிற்கிறது. போட்டோவில் கிடைப்பது ஒரே ஒரு நிழல். போட்டோவை மட்டும் வைத்துத் தடித்த ஓவியத்தை எடைபோடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதத்தில் வார்னிஷ் பூசலாமா?

பதில்: மேலே சொல்லியாயிற்று. முதலில் படியுங்கள்.

கேள்வி: அக்ரிலிக் ஜெல்லில் இதே மேடு வருமா?

பதில்: அது என் துறையில்லை. அக்ரிலிக்கில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் வரைந்த உடல்களில் சதை அவ்வளவு கனமாக இருப்பது எதனால்?

பதில்: 1970களின் நடுவிலிருந்து அவர் பயன்படுத்திய ஈய வெள்ளைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அடர்ந்து, தூரிகைத் தடத்தை அப்படியே பிடித்துவைக்கும். ஆனால் அது நஞ்சு. காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் மூச்சில் போகும்.